நூற்றுக்குப் பத்து

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும், எழுத்துப் பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

நேற்று வங்கியில் கடன் படிவத்தைக் காட்டி ஒரு பிள்ளை சொன்னாள்: "அங்கிள், இது வருஷத்துக்குப் பதினெட்டு வீதம்." அந்த 'வருஷத்துக்கு' என்ற சொல்லைக் கேட்டதும் தையல் மெஷின் எண்ணெய் மணந்தது.

கொட்டாஞ்சேனையில் அம்மா கால்மெஷினில் தைத்துத்தான் நாங்கள் சாப்பிட்டோம். அப்பாவின் வைத்தியத்துக்காக மெஷினை ஈடு காட்டி ஒரு வட்டிக்காரரிடம் அம்மா முந்நூறு ரூபாய் கடன் கேட்டிருந்தார்.

"நூத்துக்குப் பத்து வட்டியாம். வருஷம் முடிய ஒண்டாக் கட்டலாமாம். பாத்துச் சொல்லு ராசா."

பள்ளிக்கூடக் கணக்கில் வட்டி எப்போதும் வருஷத்துக்குத்தான். "வட்டி முப்பது ரூபாதான் அம்மா" என்றேன் பெருமையாக.

வருஷம் முடிய அம்மா முந்நூற்று முப்பது ரூபாயோடு போனார். வட்டிக்காரர் சிரித்தார். "தங்கச்சி, பத்தெண்டால் மாசத்துக்கு. வட்டி மட்டும் முந்நூத்தறுபது."

மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் படிப்பும் நின்றது. அம்மா என்னை ஏசவில்லை. "நீ கணக்குச் சரியாத்தான் பாத்தனி, ராசா" என்றார். அப்போதும் அவர் கால் வெறுந்தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.

இதை எழுதி முடித்தது சித்திரா பௌர்ணமி, காலமான அம்மாவுக்காக நான் விரதமிருக்கும் நாள்.