நாலாவது காம்பு

சைகோனில் பால் விற்பவர் முதலில் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். உள்ளே தண்ணீர் இல்லை என்பதை வீட்டுக்காரர்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் மாட்டின் மடியில் கை வைக்கலாம். அப்பா கவிழ்த்துக் காட்டுவதோடு நிற்க மாட்டார். செம்பைத் தலையில் மாட்டிக்கொண்டு போலீஸ்காரரைப் போல விறைப்பாக நின்று ஒரு சலாம் வைப்பார். மாடி வராந்தாவிலிருந்து பிரெஞ்சுக்கார மதாம்கள் சிரிப்பார்கள். அந்த ஊர் அன்னாமிய வேலைக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தெருவோரம் ஆள் இழுக்கும் புஸ்புஸ் வண்டியை நிறுத்தியிருக்கும் வண்டிக்காரர்கள்கூடச் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. செம்பில் தலைமுடி ஒட்டிக்கொண்டால், அதை மதாம் பார்த்துவிட்டு நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று செம்பின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். மாடு வாசல் படியில் சாணி போட்டுவிடுமோ என்று பயம், போடாமல் இருந்தால் அதற்கு உடம்பு சரியில்லையோ என்று பயம். இந்தப் பெண்ணிடம் இருக்கும் கவலையைப் பங்கு போட்டுக் கொடுத்தால் சைகோன் முழுக்கக் கொடுக்கலாம் என்று அப்பா சொல்லுவார்.

அப்பா காரைக்காலிலிருந்து வாலிபத்தில் கப்பலேறி வந்தவர். தன் தின் என்ற பேட்டைப் பக்கம் எங்கள் வீடு, பின்னால் கொட்டில், கொட்டிலில் இரண்டு மாடு. ஒன்று கறவையில் இருந்தால் மற்றது சினையாக இருக்கும். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். எனக்கு முன்னால் பிறந்தவை தங்கவில்லை. விடிந்ததும் அப்பா மாட்டைப் பிடித்துக்கொண்டு கிளம்புவார். கன்றைப் பிடித்துக்கொண்டு போவது என் வேலை. புளியமரங்கள் நிழல் போட்ட அந்த அகலமான தெருக்களில் வீடு வீடாக நின்று கறந்து கொடுத்துவிட்டு, வழியில் என்னைக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுப் போவார்.

கறப்பதில் அப்பாவுக்கு ஒரு முறை உண்டு. மூன்று காம்புதான் வாடிக்கைக்காரர்களுக்கு. நாலாவது காம்பில் கை வைக்க மாட்டார். அது கன்றுக்கு. வீட்டுக்குத் திரும்பியதும் கன்றை அவிழ்த்துவிட்டு, அது முட்டி முட்டிக் குடிப்பதைக் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் ஒரு சொட்டுப் பால் தங்காது. பால்காரர் வீடு என்று பெயரே தவிர, நாங்கள் பால் குடித்தது நல்ல நாள் பெரிய நாளில்தான்.

நான் சொல்ல வந்த வருஷம் ஒரு காளைக்கன்று பிறந்தது. நெற்றியில் வெள்ளையாக, தொப்பி வைத்ததுபோல ஒரு சுட்டி. அப்பா அதற்கு, வெள்ளைக்காரத் துரைகளைக் கூப்பிடுகிற மாதிரி, ‘முசே’ என்று பெயர் வைத்தார். தினமும் காலையில் கொட்டிலுக்குள் குனிந்து நுழைந்து, துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “பொன்ஷூர் முசே, ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா? கொசுத் தொந்தரவு ஏதும் உண்டா?” என்று கேட்பார். அது அவருடைய வேட்டி நுனியைச் சப்பும். அப்போது மட்டும் நானும் சிரிப்பேன். யாராவது வெள்ளைக்காரர் காதில் அந்தப் பெயர் விழுந்துவிட்டால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் உள்ளே இருந்தாலும் சிரிப்பேன்.

மழைக்காலம் தொடங்கியபோது நான் காய்ச்சலில் படுத்தேன். விஷ ஜுரம். தெருக்கோடியில் இருந்த புதுச்சேரி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சோறு கூடாது, கஞ்சி கூடாது, பசும்பால் மட்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். டப்பாப் பால் ஆகுமா என்று அம்மா கேட்டதும், ஆகாது என்று அவர் கோபித்துக்கொண்டதும் எனக்குக் கனவு மாதிரி நினைவிருக்கிறது. வாடிக்கை வீடுகளில் ஒன்றை நிறுத்தினால் அவர்கள் அன்றைக்கே வேறு பால்காரரிடம் போய்விடுவார்கள். அதில் ஒரு வீட்டில் தாய்ப்பால் இல்லாத பச்சைக் குழந்தை வேறு இருந்தது. அதற்கு மாற்றாமல் ஒரே மாட்டின் பாலைக் கொடுப்பதாக அப்பா ஒப்புக்கொண்டிருந்தார்.

ஆனால் எனக்குப் பால் வந்தது. அப்பா தெரு சுற்றிவிட்டுத் திரும்பியதும், அம்மா காய்ச்சி ஆற்றி ஒரு டம்ளர் கொண்டுவருவாள். குடித்து முடிக்கும்வரை அப்பா வாசல் நிலையில் சாய்ந்து நிற்பார். பாயில் சுருண்டு கிடந்த எனக்கு, அந்தப் பால் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை. பயப்படுவதற்கு அப்போது வேறு விஷயங்கள் இருந்தன.

எழுந்து நடமாட ஆரம்பித்தபோது கொட்டிலில் முசே இல்லை. மழையில் கழிச்சல் கண்டு போய்விட்டது என்றாள் அம்மா. பக்கத்து வீட்டுக்காரர் வேலி வழியாக எட்டிப் பார்த்து, “காளைக் கன்னுதானே, போனாப் போவுது. பொண்ணு பொழச்சுதே, அதப் பாருங்க” என்றார். அப்பா தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்.

கன்று இல்லாமல் மாடு பால் இறக்காது. அதனால் அப்பா முசேயின் தோலைப் பதப்படுத்தி, உள்ளே வைக்கோல் அடைத்து, நான்கு குச்சிகளைக் காலாக வைத்துத் தைத்து வாங்கி வந்திருந்தார். கண் இருந்த இடத்தில் தையல். நெற்றிச் சுட்டி அப்படியே இருந்தது. மாடு அதை நக்கிக்கொண்டே இருக்கும், பால் சுரக்கும்.

எனக்குக் கால் கொஞ்சம் தெம்பானதும் ஒரு நாள் காலையில் அப்பா, “வர்றியா மதாம், காத்தாட நடந்துட்டு வரலாம்” என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காய்ச்சலில் கொட்டிப்போன தலைமுடியை மறைக்க அம்மா ஒரு துணியைக் கட்டிவிட்டாள். தூறிக்கொண்டிருந்தது. அப்பா வைக்கோல் கன்றைத் தோளில் போட்டு, அது நனையாமல் குடையை அதன் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருடைய ஒரு பக்கம் முழுக்க நனைந்தது. எதிரே வந்த வண்டிக்காரர் என்ன என்று கையால் கேட்டார். அப்பா தனக்குத் தெரிந்த அன்னாமியத்தில் ஏதோ சொன்னார். வண்டிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“என்னப்பா சொன்னீங்க?”

“முசே இன்னைக்கி நடக்க மாட்டேங்கிறார், வண்டி வேணுமாம், ஆனா வாடகை குடுக்க மாட்டாராம்னேன்.”

பச்சைக் குழந்தை இருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பா வைக்கோல் கன்றை மாட்டின் முகத்துக்கு நேரே நிறுத்தினார். செம்பைத் தலையில் வைத்துச் சலாம் போட்டார். குழந்தையைத் தோளில் சாய்த்திருந்த மதாம் சிரித்தார். அதோடு அப்பா விடவில்லை. கன்றின் கழுத்துக்குப் பின்னால் கையை வைத்து, தலையைக் குனிய வைத்து, மூக்கால் பேசுவதுபோல, “பொன்ஷூர் மதாம்” என்றார். மதாம் உள்ளே திரும்பி யாரையோ வந்து பார்க்கும்படி கூப்பிட்டார். கன்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. மாடு அது அசைந்த பக்கமெல்லாம் நாக்கை நீட்டி நீட்டிப் போனது.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது.

“விடுங்கப்பா அத! அது செத்துப் போச்சு. செத்துப் போனதப் போயி ஆட வைக்கிறீங்களே, ஒங்களுக்கு ஒண்ணுமே இல்லியா?”

அப்பாவின் கை நின்றது. மதாம் என்ன என்று கேட்டார். பிள்ளைக்கு இன்னும் உடம்பு தேறவில்லை என்று அப்பா தன் அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னார். பிறகு குந்தி உட்கார்ந்து, மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு கறந்தார். செம்பு நிறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். என்மேல் கோபம் போல என்று நினைத்தேன். போகிற வழியெல்லாம் அந்தக் கோபம் எப்போது வெடிக்கும் என்று பயந்துகொண்டே நடந்தேன். அது வெடிக்கவில்லை. அதற்குப் பிறகும் அந்தக் கறவைப் பருவம் முடியும்வரை வைக்கோல் கன்றைச் சுமந்தார். ஆனால் அதைப் பேச வைக்கவில்லை.

அப்புறம் நான் அவரோடு போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. மொட்டைத் தலையோடு போனால் மற்றப் பெண்கள் என்ன சொல்வார்களோ, விட்டுப்போன பாடத்தைக் கன்னியாஸ்திரி கேட்டால் என்ன சொல்வது என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு அப்படியே நின்றுபோனது. அம்மா வருத்தப்பட்டாள். அப்பா, “படிச்ச மாடு எங்கயாவது கூடப் பால் குடுக்குதா, விடு” என்று சொல்லிச் சிரித்தார். எப்போதும் போலச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார் என்று எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. இந்த மனுஷருக்கு எதுவுமே உறைக்காதா என்று நினைத்தேன். வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அவர்களும் அந்தக் கொட்டிலைச் சுற்றியே வளர்ந்தார்கள். தாத்தா செம்பைத் தலையில் மாட்டிச் சலாம் வைத்தால்தான் என் மூத்தவன் சோறு தின்பான். முட்டி வலியோடும் அப்பா மாடு பிடித்துக்கொண்டு போவதை நிறுத்தவில்லை. காப்பியை மட்டும் பாலில்லாமல் குடிப்பார். பேரன் கேட்டால், “வெள்ளக்காரனே கறுப்பாத்தான் குடிக்கிறான். கறுத்தவன் நான் வெள்ளையாக் குடிச்சா நல்லாவா இருக்கும்?” என்பார். தயிரும் தொடமாட்டார், மோரும் தொடமாட்டார். காலமெல்லாம் பாலிலேயே புழங்குகிறவருக்குச் சலித்துப்போயிருக்கும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

அவர் அடிக்கடி சொல்லும் வேடிக்கை இன்னொன்று. மாரியம்மன் கோயில் திருவிழாவில் நாலு பேர் கூடினாலும் சொல்லுவார். “நான் போறப்ப யாரும் எனக்குப் பாலூத்தக் கூடாது. தண்ணிதான். கடைசியில பால்காரன் வாயிலயே தண்ணியக் கலந்துட்டாங்கன்னு ஊரு சிரிக்கட்டும்.” ஊர் சிரிக்கும். அம்மா மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள். சாவைப் பற்றிப் பேசுவது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

அந்த நாளும் வந்தது. எங்கள் மாட்டிலேயே கறந்து, சங்கில் எடுத்து, என் மூத்தவன் கையில் கொடுத்தேன். பேரப்பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பையன் அழுதுகொண்டே சங்கை வாயருகே கொண்டுபோனான். அப்பாவின் உதடு திறக்கவில்லை. அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாண்டா தம்பி. தாத்தாவுக்குத் தண்ணியே ஊத்து.”

சுற்றி நின்றவர்களுக்கு அந்தப் பழைய வேடிக்கை ஞாபகம் வந்திருக்க வேண்டும். அழுகைக்கு நடுவே ஒருவர் சிரிப்பை அடக்கியது கேட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. தண்ணீரை அப்பா விழுங்கினார்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். விளையாட்டுக்குச் சொன்னதை அந்த நேரத்திலா செய்வது, பேரப்பிள்ளைகள் கையால் ஒரு வாய் பால் இல்லாமல் அனுப்பிவிட்டாயே என்று கேட்டேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

“அவரு வெளாட்டுக்குச் சொல்லலடி. நீ ஜுரத்துல கெடந்தப்ப நாலாவது காம்பையும் ஒனக்குத்தான் கறந்தாரு. கன்னுக்குக் கஞ்சித் தண்ணி வச்சுப் பாத்தாரு. பொறந்து ஒரு மாசங்கூட ஆகல, அதுக்கு ஒத்துக்கல. அன்னைக்கிப் பால விட்டவருதான்.”

இவ்வளவுதான் சொன்னாள். மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

என் கவலை என்னும் மூட்டையில் உலகத்துப் பயமெல்லாம் இருந்தது, இந்த ஒன்று மட்டும் இல்லாமல் போயிற்று. அன்று மதாம் வீட்டு வாசலில் ‘ஒங்களுக்கு ஒண்ணுமே இல்லியா’ என்று நான் கேட்டபோது அவர் ஏன் அவ்வளவு நேரம் மாட்டின் விலாவிலிருந்து முகத்தை எடுக்கவில்லை என்று அப்போதே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஏதாவது வேடிக்கைதான் சொல்லியிருப்பார்.

காய்ச்சல் நாட்களின் காலைகள்தான் இப்போது திரும்பத் திரும்ப வருகின்றன. அம்மா டம்ளரை நீட்டுவாள். அப்பா நிலையில் சாய்ந்து நிற்பார். கொட்டிலில் முசே விடாமல் கத்தும்.

“ஏம்ப்பா இப்பிடிக் கத்துது?”

“ஒன்னக் காணுமாம். மதாம் எங்க, மதாம் எங்கன்னு என் உசுர வாங்குறாரு. சீக்கிரம் குடிச்சுட்டு எந்திரிச்சு வா.”

எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவ்வளவு காய்ச்சலிலும் என்னைத் தேட ஒருவர் இருக்கிறார். முசேயைக் காக்க வைக்கக் கூடாது என்று, வாய் கசந்தாலும் மூச்சுவிடாமல், அடியில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். குடித்து முடித்த டம்ளரை, வீட்டுக்காரர்களுக்கு அப்பா செம்பைக் காட்டுவதுபோலவே, அவரைப் பார்த்துக் கவிழ்த்துக் காட்டினேன்.