கச்சான் வந்த பேணி

போன வருசம், உரும்பிராயில எங்கடை வீட்டுக் குசினியில நடந்த கதை. மகளுக்கு எட்டாவது பிறந்தநாள். ஒரு கிழமைக்கு முன்னமே, "அம்மா, இந்தமுறை என்ரை சிநேகிதியும் எங்களோடை சேர்ந்து சாப்பிடவேணும்" எண்டு அடம்பிடிக்கத் தொடங்கீட்டாள்.

அந்தச் சிநேகிதிக்கு முட்டை, பால், கச்சான் எண்ட நிலக்கடலை, மூண்டும் ஒவ்வாது. கச்சான் எண்டால் கொஞ்சம் பட்டாலே வாய் வீங்கி மூச்சு இழுக்கும். ஆரின்ரை பிறந்தநாளுக்குப் போனாலும் தன்ரை சாப்பாட்டுப் பெட்டியோடை ஒரு மூலையில இருப்பாள். முந்தின வருசம் நானே, "ஒரு துண்டு கேக் சாப்பிட்டால் ஒண்டும் செய்யாது பிள்ளை" எண்டு வில்லங்கப்படுத்தினனான். வீட்டுக்கு வந்த ஆளைச் சாப்பிட வைக்காட்டில் எங்களுக்கு நித்திரை வராதே! தாய் பாய்ஞ்சு வந்து தட்டைப் பறிக்க, எனக்குக் கோவம் வேறை வந்தது. பிறகுதான் விசயம் விளங்கி வெட்கப்பட்டன்.

அதால இந்தமுறை பிள்ளையளோடை சேர்ந்து பிஸ்கட் செய்யிறதெண்டு இறங்கினன். குரக்கன் மா, தேங்காயெண்ணெய், சக்கரை, முட்டைக்குப் பதிலா நீர்வேலி வாழைப்பழம். ஐஞ்சு வயசு மகன் பழம் மசிக்கிறன் எண்டு பாதியை வயித்துக்குள்ளை மசிச்சான். முதல் தட்டம் கல்லு. என்ரை மனுசன் ஒண்டைக் கடிச்சுப்போட்டு, "மதில் கட்ட உதவும்" எண்டார். ரெண்டாம் தட்டம் நல்லா வந்தது. சட்டி, கரண்டி எல்லாம் மூண்டுதரம் கழுவினன். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

பிறந்தநாளண்டு எல்லாரும் வந்திட்டினம். நான் பிஸ்கட் அடுக்கின தகரப் பேணியை அந்தப் பிள்ளைக்கு முன்னால கொண்டுபோய்த் திறந்தன். அவள் கை வைக்கேல்லை. மூடியை வாங்கி உள்பக்கத்தை உத்துப் பார்த்தாள்.

"அன்ரி, இதுக்குள்ளை முந்தி என்ன இருந்தது?"

எனக்குச் சுள்ளெண்டு ஏறிச்சுது. பிறகு அவளின்ரை விரல் நிண்ட இடத்தைப் பார்த்தன். மூடியின்ரை விளிம்பிலை சிவப்பா ஒரு சின்னத் தோல். கச்சான் தோல்!

அப்பதான் ஞாபகம் வந்தது. அந்தப் பேணியிலைதான் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பயத்தம் பணியாரம் அனுப்பினனான். வெறும் பேணியைத் திருப்பிக் குடுக்கிற பழக்கம் எங்கடை ஒழுங்கையில இல்லை. அவ வறுத்த கச்சான் நிரப்பித் தந்தவ. நான் அதை வேறை கிண்ணத்திலை கொட்டிப்போட்டு, துணியால ஒரு துடை துடைச்சு, பிஸ்கட்டை அடுக்கினனான். உலகத்தையே கழுவின நான் பேணியைக் கழுவேல்லை.

ஐயோ, அந்தப் பிள்ளை பார்க்காமல் வாயில வைச்சிருந்தால்? தாய் பேணியை எட்டி எடுத்து அப்பால வைச்சா. அந்தப் பிள்ளைதான், "பரவாயில்லை அன்ரி, நான் பெட்டி கொண்டு வந்தனான்" எண்டாள். அதுதான் என்னைக் கொன்றுபோட்டுது. மகள் ஓவெண்டு அழத் தொடங்கீட்டாள்.

"மெழுகுதிரி பிறகு கொளுத்துவம். பிள்ளையள் எல்லாம் கையைக் கழுவிப்போட்டுக் குசினிக்கு வாங்கோ" எண்டன். அந்தப் பிள்ளையை ஒரு ஸ்டூலிலை இருத்தி, "நீதான் அம்மா இண்டைக்குப் பெரியாள்" எண்டன். அவள் விட்டாளே! ஒவ்வொரு கரண்டியையும் வெளிச்சத்திலை பிடிச்சுப் பார்த்து, "திரும்பக் கழுவுங்கோ" எண்டாள். உதவி செய்ய வந்த என்ரை மனுசனை ஒருக்கா மூக்காலை மணந்து பார்த்திட்டு, "அங்கிள், நீங்கள் கச்சான் சாப்பிட்டனீங்கள். வெளியில நில்லுங்கோ" எண்டாள். பேணியில இருந்த கச்சான் எங்கை போனதெண்டு எனக்கும் அப்பதான் தெரியும். மனுசன் கையைக் கட்டிக்கொண்டு முற்றத்திலை நிண்டார். பக்கத்தில, பிறந்தநாளுக்கு வந்திருந்த அக்காவும், "வெறுமனே தரக்கூடாதெண்டுதானே போட்டனான்" எண்டு அழுகையும் சிரிப்புமா நிண்டா.

பிஸ்கட் கோணல்மாணலா வெந்து வந்தது. அந்தப் பிள்ளை ஒண்டு சாப்பிட்டாள். நாங்கள் எல்லாரும் அவளின்ரை வாயையே பார்த்துக்கொண்டு நிண்டம். "இன்னும் ஒண்டு தாங்கோ அன்ரி" எண்டாள். பெட்டி திறக்காமலே வீட்டுக்குப் போனது.

இப்ப அக்கா என்ரை பேணியைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெய்யிலிலை காயவைச்சு, வெறுமனே கொண்டுவந்து தாறா. முந்தியெண்டால் மூஞ்சியை நீட்டியிருப்பன். இப்ப அந்த வெறும் பேணியைத் திறக்கிற ஒவ்வொருமுறையும், அவவும் அந்தப் பிள்ளையை நினைச்சிருக்கிறா எண்டு எனக்கு மனம் நிறைஞ்சு போகுது.