சுருண்ட விரல்

பேருந்து ஓட்டுநரின் மகள், மேடைக் கலைஞராகும் கனவோடு கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்றில் பியானோ படித்தாள். சிற்றாலயத்தில் காலை ஜெபத்துக்கு வாசிப்பதும் அவள்தான். தோழிகள் அவளை ‘ஆமென்’ என்றே கூப்பிட்டார்கள்.

இறுதி ஆண்டில் ஒரு நாள், வாசித்துக்கொண்டிருந்தபோது வலது சுண்டுவிரல் தானாக உள்ளே சுருண்டது. எழுதும்போதும் தலை பின்னும்போதும் ஒழுங்காக இருந்த விரல், பியானோவைத் தொட்டால் மட்டும் மடங்கியது. பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் வெறியாக வாசித்தாள். பக்கத்து விரலும் சேர்ந்துகொண்டது.

நரம்பு மருத்துவர், “விரல்ல கோளாறு இல்லம்மா. மூளைதான் அதுக்குத் தப்பா சொல்லுது. குணமாகும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது” என்றார்.

தேர்வுக் கச்சேரியில் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள்.

“எல்லாரும் உனக்காக ஜெபிக்கிறோம்டி” என்றாள் அறைத்தோழி.

“நானும்தான் ஜெபிச்சேன். கை கூப்பினா விரல் நேராத்தான்டி நிக்குது!”

அழைத்துப் போக வந்த அப்பா, பெட்டியைத் தூக்கிக்கொண்டே, “கொஞ்ச நாள் ஓய்வெடுத்தா சரியாயிடும்மா” என்றார்.

“வலிச்சாலாவது ஆறும்னு நம்பலாம்பா. வலிக்கவே மாட்டேங்குதே.”

அவர் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார்.

இப்போது அவள் ஒரு பல் மருத்துவமனையில் தொலைபேசியில் பதில் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்காகக் கோயிலுக்குப் போவாள். பாட்டு தொடங்கியதும் வெளியே வந்து, அது முடியும்வரை தெருவில் நிற்பாள்.