இரண்டு தாள், ஒரு ஜோடிக் கண்

சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டாகிவிட்டது. நெடுக்கே ஆறு, குறுக்கே எட்டு. பிரிஸில்லா தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு, முதல் கட்டத்தை இடமிருந்து வலமாகப் பார்க்கிறார். பிறகு வலமிருந்து இடமாக.

"யாரும் காலை வெச்சிடாதீங்கம்மா. பார்த்த கட்டத்துல பெருக்கல் போட்டுக்கினே வரேன்."

கீழ் வீட்டுப் பெண்ணின் மூக்குத்தித் திருகாணி காணாமல் போய் இரண்டு நாளாகிறது. வீட்டிலிருந்த நாலு பேரும் நாலு பக்கம் துழாவிவிட்டுக் கைவிட்டிருந்தார்கள். பதினேழாவது கட்டத்தில், பீரோவின் கால் ஓரம் தூசியோடு தூசியாகக் கிடந்ததை, எழுபத்து நான்கு வயதுக் கண் கண்டுபிடித்துவிட்டது. அந்தப் பெண் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பிரிஸில்லா மாடியேறிப் போனார்.

தொலைந்த பொருளுக்கு அந்தோணியாரிடம் வேண்டிக்கொள்வது சாந்தோம் பங்கு மக்களின் வழக்கம். இந்தத் தெருவில் அந்தோணியாருக்கு முன்னால் பிரிஸில்லாவைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அவரும் மறுப்பதில்லை. "அவருக்கு உலகம் பூரா வேலை, பாவம். ஒரு திருகாணிக்கெல்லாம் அவரை இன்னாத்துக்குத் தொந்தரவு பண்ணிக்கினு?"

இந்தக் கண் சும்மா வந்ததில்லை. பத்தொன்பது வயதிலிருந்து இருபத்திரண்டு வருடம், கிண்டிப் பக்கத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தே சம்பாதித்தவர். ஸ்கேனர் என்பது அன்றைக்கு இயந்திரத்தின் பெயரல்ல, மனுஷியின் உத்தியோகம். பெரும்பாலும் பெண்கள். அதிகம் படித்திருக்க வேண்டாம், பொறுமையும் பார்வையும் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூட பியூனின் மகள் பிரிஸில்லாவிடம் இரண்டும் இருந்தன. பௌதிகம் அணுவளவும் தெரியாது.

பலூனில் கட்டி வானத்தின் உச்சிக்கு அனுப்பி இறக்கிய கண்ணாடித் தகடுகள் வரும். அவற்றின் மேல் ஃபிலிமில் பூசுவது போன்ற மருந்து, கனமாகப் பூசியிருக்கும். விண்வெளியிலிருந்து வரும் துகள் ஒன்று அதற்குள் பாய்ந்தால், போன வழியெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுத்திருக்கும். அந்தக் கோடுகளைத் தேடி எண்ணித் தாளில் எழுதுவதுதான் வேலை. முக்கால்வாசி நேரம் ஒன்றும் இருக்காது. சில நேரம் நாலு பக்கமும் கோடு சிதறிய நட்சத்திரம் ஒன்று கிடைக்கும். என்றைக்கோ ஒரு நாள்தான் ஜெட் கிடைக்கும். முடி போல ஒரு கோடு தனியாக வரும். ஓரிடத்தில் எதன் மேலோ மோதும். மோதிய இடத்திலிருந்து மெல்லிய கோடுகள் கொத்தாக, எல்லாம் ஒரே திசையில், கட்டிய ஈர்க்குமாறு போலக் கிளம்பும்.

"ஜெட்டைப் பார்த்தா வயித்துல என்னவோ பண்ணும், கண்ணு. கொயந்த மொதல்ல உதைக்குமே, அந்த மாதிரி. அப்போ எனக்குக் கொயந்தையே கெடையாது, அது வேற விசயம்" என்பார் பிரிஸில்லா, கேட்கிறவர்களிடம்.

அவர் கண்டுபிடித்ததில் பெரியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் கிடைத்தது. முப்பத்தொரு கோடுகள். அந்தக் கூடத்தில் அவ்வளவு பெரிய ஜெட்டை யாரும் பார்த்ததில்லை. கூடத்தின் தலைமைப் பேராசிரியர் மூன்று முறை கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வெளியே போய், அரை மணி கழித்து எல்லோருக்கும் ஜிலேபி வாங்கி வந்தார். பிறகு அதைப் பெரிதாகப் படம் எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் பிரிஸில்லாவின் வீட்டுக் கூடத்தில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்கும் காலஞ்சென்ற கணவர் ரொனால்டின் படத்துக்கும் நடுவே அது மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் ஏதோ விரிசல் விழுந்த கண்ணாடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரொனால்ட் இருந்தவரை கிண்டல் குறையவில்லை. "எங்க வூட்டம்மா ஜெட்டு புடிச்சவங்க. ஆனா மீனம்பாக்கம் ஏர்போர்ட்டு பக்கம்கூட போனதில்ல."

அந்தக் காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பிரிஸில்லாவுக்கு வாய் மூடாது. மேஜை அதிரக்கூடாது என்று மே மாதத்திலும் மின்விசிறியை நிறுத்திவிடுவார்களாம். புடவை முதுகோடு ஒட்டிக்கொள்ளுமாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் கண்ணுக்கு ஓய்வு உண்டு. ஜன்னலருகே போய் நின்று வெளியே மேயும் மான்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "மான் பார்க்கச் சம்பளம் குடுத்தானுங்க. எவனுக்குக் கெடைக்கும் அந்த வேலை?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு முடிகிறபோது முகத்தில் ஓர் ஏக்கம் வந்துவிடும், மறைக்கத் தெரியாது.

மான் பார்க்கும் ஜன்னலில் பக்கத்தில் நின்ற தோழி சூடாமணி. மயிலாப்பூர் மாடவீதிப் பெண். ஒரே தகட்டை இருவரும் தனித்தனியே பார்ப்பார்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக்கூடாது, எத்தனை என்று வாய்விட்டும் சொல்லக்கூடாது. ஒருத்தி விட்டதை இன்னொருத்தி பிடித்திருப்பாள். இரண்டு தாளையும் ஒப்பிட்டால், இருவருமே விட்டது எத்தனை இருக்கும் என்று பேராசிரியர் கணக்குப் போட்டுவிடுவார். அந்தக் கூடத்தின் அஸ்திவாரமே இந்த ஒரு விதிதான்.

அந்த எழுபத்து நான்கில்தான் சூடாமணி கர்ப்பமானார். லென்ஸுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சொட்டுத் தேவதாரு எண்ணெய் விட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த வாசனை மூக்கில் ஏறினால் போதும், சூடாமணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார். தற்காலிக வேலை. லீவு போட்டால் வேறு ஆள் வந்துவிடும். பிரிஸில்லா அதிகம் யோசிக்கவில்லை. நாலு மாதம், சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, சூடாமணியின் ஸ்டூலில் உட்கார்ந்து அதே தகடுகளை இன்னொரு முறை பார்த்து, சூடாமணியின் தாளில் எழுதினார். முதல் முறை மேலிருந்து கீழே பார்த்திருந்தால் இரண்டாம் முறை கீழிருந்து மேலே. காலையில் எழுதிய தாளைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. இரண்டு முறை உண்மையாகப் பார்த்தது இரண்டு பேர் பார்த்த மாதிரிதானே என்றுதான் நினைத்தார். ஐம்பது வருடமாக அப்படியே நினைத்துக்கொண்டும் இருந்தார்.

போன ஆடியில் நிஷா வந்தாள். அதே கிண்டி ஆராய்ச்சிக்கூடத்தில் ஆராய்ச்சி செய்யும் பெண். பழைய தகடுகளையெல்லாம் தூசி தட்டி, தானே நகரும் மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஜெட்டைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கிறார்களாம். பாடப்புத்தகம் இந்தப் பழைய தாள்கள்தான். இரண்டு பேர் தனித்தனியே பார்த்து ஒத்துப்போனதை மட்டுமே கம்ப்யூட்டருக்குக் கொடுப்பார்கள். பிரிஸில்லாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று முறை வந்தவளுக்கு மூன்று முறையும் வறுத்த வஞ்சிரம். நாலாம் முறை நிஷா தட்டைத் தொடவில்லை.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கணும். செவன்ட்டி ஃபோர்ல ஒரு நாலு மாசம் மட்டும் இடிக்குது. கோடு இருக்கற பதினோரு எடத்தைக் கம்ப்யூட்டர் புதுசா கண்டுபிடிச்சிருக்கு. பதினொண்ணையுமே நீங்களும் விட்டிருக்கீங்க, சூடாமணி மேடமும் விட்டிருக்காங்க. மத்த மாசத்துல எல்லாம் ஒருத்தர் விட்டா இன்னொருத்தர் பிடிச்சிருக்கீங்க. ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"அப்புடி விட்டிருந்தா இன்னா ஆவும்?"

"ரெண்டு பேர் தனியா பார்க்கலைன்னா அந்த நாலு மாசத்தையும் எடுத்துடணும். உங்க முப்பத்தொண்ணும் அதுலதான் வருது."

பிரிஸில்லா சுவரிலிருந்த படத்தைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். "அம்பது வருசம் ஆச்சும்மா. ஞாபகம் இல்ல" என்றார். ஞாபகமில்லை என்று அவர் சொன்னதைத் தெருவில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். நிஷா நம்பிவிட்டு, மீனையும் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. பொய் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். காலம் போன காலத்தில் உறைத்த விஷயம்தான் அவரை உட்கார விடவில்லை. எத்தனை முறை பார்த்தாலும், தன் கண் விடுகிறதைத் தன் கண் விடத்தானே செய்யும்? மேலிருந்து பார்த்தால் என்ன, கீழிருந்து பார்த்தால் என்ன? பேராசிரியர் எந்த நம்பிக்கையில் கணக்குப் போட்டாரோ, அந்த நம்பிக்கையை இவரே நாலு மாதம் ஓட்டையாக்கியிருக்கிறார். வாங்கித் தின்ற ஜிலேபியை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

காலையில் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் அபிராமபுரத்திலிருக்கும் சூடாமணிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"ஏண்டி பிரிஸி, இதுக்கா குரல் இப்படிக் கம்மிண்டு கெடக்கு?" என்றார் சூடாமணி. "சொல்லிடேன். எழுபத்தஞ்சு வயசுல என்னை எவன் வேலையை விட்டு நிறுத்தப்போறான்?"

"உம்பேரு கெடும்டி."

"கெட்டுட்டுப் போறது. அன்னிக்கு வாந்தியெடுத்துப் பெத்தேனே, அவன் ஆத்துல உக்காந்துண்டு என்னை அதட்டிண்டிருக்கான். அவனுக்கும் அம்பதாச்சு." உடனே குரல் தாழ்ந்தது. "ஆனா உன் ஜெட்டு போயிடுமேடி. எனக்காகப் பண்ணப்போய் உன்னோடது போயிடுமே."

"போவட்டும்" என்றார் பிரிஸில்லா. போனை வைத்துவிட்டார்.

கையோடு நிஷாவையும் கூப்பிட்டார். கொஞ்சம் தாமதித்தால் மனசு மாறிவிடும் என்று அவருக்குத் தெரியும். "அந்த நாலு மாசம் ரெண்டு தாளும் என்னுது, கண்ணு. சூடாமணி எடத்துல நாந்தான் உக்காந்தேன். ரெண்டு தரமும் நெசமாத்தான் பார்த்தேன், காப்பி அடிக்கல. ஆனா கண்ணு ஒண்ணுதானே?"

நிஷா "சரி ஆன்ட்டி, தேங்க்ஸ்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் சத்தமில்லை. வீட்டைப் பெருக்கும்போதெல்லாம் பிரிஸில்லா சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பெருக்கினார்.

மூன்று வாரம் கழித்து ஆட்டோவோடு வந்து நின்றாள் நிஷா. "எங்க கைடு சார் கிட்ட பேசிட்டேன். தகடு நல்லாத்தான் இருக்கு. அந்த முப்பத்தொண்ணை நீங்க ஒரு தரம், நான் ஒரு தரம், தனித்தனியா பார்ப்போம். ஒத்துப்போனா அதை மட்டும் வெச்சுக்கலாம்னு சொன்னாரு."

ஆராய்ச்சிக்கூடம் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. ஏசி, நாலு திரை, பச்சையாக மினுக்கும் பெட்டிகள். மூலையில் இரண்டு பழைய மைக்ராஸ்கோப்புகளைத் துடைத்து வைத்திருந்தார்கள். நிஷா முதலில் பார்த்து, தன் தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிரிஸில்லா கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். புரை எடுத்த கண்ணுக்கு முதலில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. எண்ணெய் வாசனை ஏறியதும், பக்கத்து ஸ்டூலில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடுவது போலிருந்தது. கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். கோடுகள் வந்துவிட்டன. மங்கியிருந்தாலும் அதே கொத்து, அதே பக்கம் சாய்ந்து.

எண்ணி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. முப்பத்தொன்று என்று எழுதக் கை தயாராகத்தான் இருந்தது. ஆனால் கொத்தின் ஓரத்தில் இரண்டு கோடுகள் மோதிய இடத்திலிருந்து கிளம்பவில்லை. வேறெங்கிருந்தோ வந்து குறுக்கே போயிருந்தன. அன்றைக்குச் சந்தோஷத்தில், பார்த்த இரண்டு முறையும் அவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டிருக்கிறார். பின்னாலிருந்து தொடங்கி இன்னொரு முறை எண்ணினார். மாறவில்லை. பென்சிலை எடுத்து இருபத்தொன்பது என்று எழுதினார்.

"எத்தனை ஆன்ட்டி?" நிஷா ஆவல் தாங்காமல் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சுக்காரி பார்த்துவிடாமல் மறைக்கும் பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் போல, பிரிஸில்லா இடது உள்ளங்கையைத் தாளின் மேல் கவிழ்த்து அழுத்திக்கொண்டார்.