வாஷ் டெஸ்ட்டுக்குப் போகாத டீ-ஷர்ட்

அந்த ஆளை மன்னித்துவிட்டாயா என்று தோழிகள் இன்னும் கேட்கிறார்கள். இல்லை. அப்படி ஒரு எண்ணமும் இல்லை.

டிசைன் படித்து முடித்த கையோடு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். வெளிநாட்டுக் குழந்தைகளின் டீ-ஷர்ட்டுக்கு டைனோசர் வரைகிற வேலை. வரைந்தவர் பெயர் எதிலும் வராது. இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம், நானும் கேட்டதில்லை. டைனோசரை யார் வரைந்தால் எனக்கென்ன.

ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரைந்தது என்னுடையது. அளவு விவரம் அச்சடித்து வீணாய்ப் போன ஸ்பெக் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் ஒரு காமிக்ஸ். நாயகன், எனக்கு உயிரான ஒரு ராப் பாடகர். அரியர் குவிந்து கிடந்த செமஸ்டரில் அவர் குரல் காதில் இருந்ததால்தான் கல்லூரியை விட்டு ஓடாமல் இருந்தேன். என் கதையில் அவர் ஊத்துக்குளியில் ரயிலைத் தவறவிட்டு, மைக் ஒயரைத் தோளில் சுற்றிக்கொண்டு, தண்டவாளத்தோடு நடந்தே எங்கள் ஊருக்கு வருவார். அவர் பாட ஆரம்பித்தால் நிட்டிங் மெஷின்கள் தாளம் மாறி, துணிக்குப் பதில் பறவைகளாகத் தள்ளும். மொத்தம் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் மூன்று கால் காக்கா ஒன்று. அதுதான் என் கையெழுத்து.

அதைப் போய் முதலில் எங்கள் டிசைன் ஹெட்டிடம் காட்டினேன், முட்டாள். "பொறுமையாப் பாத்துட்டுத் தர்றேன் அம்மிணி" என்று வாங்கிப் போனார். ரெண்டு நாளில் ரப்பர் பேண்டு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வாரம் அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில், அவர் பெயரில், என் பன்னிரண்டு பக்கமும் ஏறியிருந்தன. காக்காக்களை மட்டும் கம்ப்யூட்டரில் அழித்திருந்தார். கொஞ்ச நாளில் அந்தப் பாடகரே அதைப் பகிர்ந்து, "யாருய்யா நீ, கையக் குடு" என்று எழுதினார். என்னிடம் கேட்ட கை அது. வேறொருத்தர் நீட்டிவிட்டார்.

நேரே போய்க் கேட்டேன்.

"ஏனுங்ணா, அது நான் வரைஞ்சதுங்க."

"இல்லீன்னு நான் சொன்னனா? நம்ம டிபார்ட்மெண்ட்ல வரையறதுக்குப் பேரு போட்டுக்கற பழக்கம் இருக்குதா, நீயே சொல்லு."

"டைனோசருக்கு இல்லீங்க. இது டைனோசர் இல்லீங்களே."

"பேப்பரு கம்பெனிதுதான அம்மிணி." சிரித்தார். "அத விடு. கோயமுத்தூர் ஷோவுல அந்தப் பாடகரு என்னைய மேடைக்கே கூப்புட்டிருக்காரு. ஒரு டீ-ஷர்ட் குடுக்கோணும். புதுசா ஒரு படம் வரைஞ்சு பிரிண்ட் அடிச்சுக் குடுத்துரு கண்ணு. அண்ணன் உன்ன மறக்க மாட்டேன்."

"சரிங்ணா" என்றேன். அவ்வளவு இனிமையாக யாரிடமும் சரி சொன்னதில்லை.

எங்கள் பிரிண்டிங் மாஸ்டர் திருநெல்வேலிக்காரர். கருப்பு டீ-ஷர்ட்டின் நெஞ்சில் முதலில் மூன்று கால் காக்காவையும், அதன் கீழ் "இதை வரைந்தவள் மேடையில் இல்லை" என்ற வரியையும் வெள்ளை மையில் அடிக்கச் சொன்னேன். மை துணியில் அழியாமல் பிடிக்க அதை முழுச் சூட்டில் வேக வைத்தோம். அதற்கு மேல், எல்லாவற்றையும் மூடுகிற மாதிரி பாடகரின் முகம். அதற்கு மட்டும் லேசாகச் சூடு காட்டினால் போதும் என்றேன்.

"ஏம்மா, இது ஒரு தண்ணிக்கு உரிஞ்சிரும்லா."

"உரியத்தாண்ணே வேணும்."

மாஸ்டர் படத்தை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "அந்த காமிக்ஸு நீ வரைஞ்சதுதானா? மூக்கப் பாத்தப்பவே நெனச்சேன். டைனோசருக்கும் இதே மூக்கத்தான வைக்க."

எந்தப் பிரிண்ட்டையும் துவைத்துப் பார்க்காமல் அப்ரூவ் செய்யக் கூடாது. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே டிசைன் ஹெட்தான். ஒரு முறை நான் மறந்ததற்கு மொத்த செக்‌ஷன் முன்னாலும் நிற்க வைத்துக் காய்ச்சியிருக்கிறார். அன்று அவருக்கு அவசரம். டீ-ஷர்ட்டை நெஞ்சில் வைத்து செல்ஃபி எடுத்தார். நான் நீட்டிய அப்ரூவல் ஷீட்டில், வாஷ் டெஸ்ட் கட்டத்தில் டிக் அடித்து, கையெழுத்தும் போட்டார். விரலால் தடவியிருந்தாலே அடியில் மேடு தட்டியிருக்கும். தடவவில்லை.

மேடையில் டீ-ஷர்ட்டைக் கொடுத்துப் பாடகரைக் கட்டிப்பிடித்து நின்ற வீடியோவை டிசைன் ஹெட் போட்டார். நான் லைக் போட்டேன். பிறகு காத்திருந்தேன். ஒரு மனுஷன் எப்போது துணி துவைப்பான் என்று இவ்வளவு ஆசையாக வேறு யாரும் காத்திருந்திருக்க மாட்டார்கள். இரண்டு வாரம் ஒன்றுமில்லை. மனிதர் துவைக்கிற ஜாதியே இல்லையோ என்று பயந்துபோனேன்.

மூன்றாவது வாரம் பாடகர் ஈர டீ-ஷர்ட்டைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு படம் போட்டார். "ஒரே தொவையல்ல என் மூஞ்சி போச்சு. அடியில காக்கா என்னமோ சொல்லுது. யாரு அந்தப் புள்ள?"

பென்சில் கோடும் காக்காவுமாக என் மூலப் பக்கங்கள் பன்னிரண்டையும் அந்தப் படத்துக்குக் கீழேயே போட்டேன். சாயங்காலத்துக்குள் டிசைன் ஹெட்டின் பக்கத்தையே காணோம்.

மறுநாள் என் மேஜைக்கு வந்தார்.

"என்ன அம்மிணி இப்படிப் பண்ணிப்போட்ட. பிரிண்ட் உரிஞ்சா நாளைக்கு யாரக் கேப்பாங்க?"

அப்ரூவல் ஷீட்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

"உங்களத்தானுங்ணா. இது ஒண்ணுலதான் உங்க பேரு இருக்குது."

அவர் ஷீட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு பின்பக்கம் திருப்பினார். அங்கே புதுக் கதையின் முதல் பக்கம் இருந்தது. வில்லனை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். தாளை வைத்துவிட்டுப் போனார்.