கதிரவேலுவின் ஸ்நாப் ரோல்

சுன்னாகத்தில் தண்ணீர் மோட்டார் திருத்தும் கதிரவேலுவைக் கோபம் வராத மனிதர் என்பார்கள். உள்ள கோபத்தையெல்லாம் அவர் றிமோட் விமானத்துக்குக் கொடுத்துவிட்டார் என்பது மனைவி அருந்ததியின் கணிப்பு.

அவர் பழகியது ஸ்நாப் ரோல். நேராகப் போகும் விமானத்தின் மூக்கைச் சடாரென்று தூக்கி, அதே கணத்தில் வாலை ஒரு பக்கம் வெட்டினால், ஒரு பக்கச் செட்டை, அதாவது இறக்கை, பறக்க மறந்துபோகும். விமானம் தன்னைத்தானே ஒருமுறை முறுக்கிக்கொள்ளும். முறுக்குவது சுகம், மட்டமாக நிறுத்துவதுதான் பாடு. கதிரவேலுவின் விமானம் வருடக்கணக்காக ஒன்றேகால் சுற்றில் நின்று, பக்கத்து வெங்காயத் தோட்டத்தைத் தரிசித்து வந்தது.

ஒருவழியாக நிறுத்தப் பழகினார். காங்கேசன்துறையில் விமானக் காட்சி வைக்கவிருந்த கொழும்புக் குழுவிலிருந்து ஜொனதன் என்ற இளைஞன் அவரைப் பார்க்க வந்தான். ஒரு சுற்றுச் சரியாக நின்றால் காட்சியில் இடம். அதற்கென்றே புது விமானம் பூட்டி, முதல்நாளே பாரம் சமன் பார்த்து வைத்திருந்தார்.

எழும்பியதிலிருந்தே அது வாலை இழுத்தது. காற்று என்று நினைத்தார். றிமோட்டின் குச்சிகளை இழுத்து விட்டார். ஒரு சுற்று. நிற்கவில்லை. இரண்டு, மூன்று. பிறகு தட்டையாகப் படுத்தபடி, சருகுபோலச் சுழன்று இறங்கி வெங்காயத்துக்குள் குந்தியது.

விமானத்தின் மூடியைத் திறந்தார். வால் பக்கம் ஒரு சிவப்புத் துணி முடிச்சு. உள்ளே மூன்று தேசிக்காய், முழு எலுமிச்சைகள்.

"இஞ்சேரும், உதென்ன?" என்று பக்கத்தில் நின்ற அருந்ததியைக் கேட்டார்.

"புது வாகனத்துக்குத் தேசிக்காய் வைக்காமல் விடுறதே? வெளியிலை கட்டினால் காத்திலை போயிடுமெண்டு காலமை உள்ளுக்கை வச்சனான்."

"வாலுக்கையோ பாரம் வைக்கிறது?"

"மூக்குக்கை வச்சிருந்தால் பேசியிருக்கமாட்டியளாக்கும்."

தேசிக்காயை வெளியே எடுத்துவிட்டு, விமானத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டி, மறுபடி மேலே ஏற்றினார். ஒரே சுற்று. மேசைபோல் மட்டமாக நின்றது.

"பாத்தியளே, கண் நாவூறு கழிஞ்சிட்டுது," என்றாள் அருந்ததி. பாரம், சமன் என்று விளக்க வாயெடுத்தவர், விமானமே அவளுக்குச் சாட்சியாகப் பறந்துகொண்டிருந்ததைக் கண்டு விட்டுவிட்டார்.

ஜொனதன் ஓடிவந்தான். "அங்கிள், நீங்க கட்டாயம் வரணும். ஆனா முதல்ல தட்டையாச் சுத்தி இறக்கினீங்களே, அவ்வளவு பதிவா, நிலத்தோட ஒட்டி, எங்கட ஆக்கள் ஒருத்தராலயும் ஏலாது. அதையும் செய்வீங்களா?"

"அது இவவின்ரை வேலை, தம்பி. இவவைக் கேளும்."

அருந்ததி யோசித்தாள். "வாறன். ஆனால் கடைத் தேசிக்காய் சரிவராது. வீட்டு மரத்திலைதான் ஆயவேணும்."