கரவனுக்குப் பின்னால் தட்டினவர்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பேரை வளர்த்தேன், நாலு நான் பெற்றது, ஒன்று தங்கச்சி விட்டுப்போனது. நாலாம் வகுப்போடு என்னை மறித்துப்போட்டார்கள், அதனால் எழுத்து கோணலாகத்தான் வரும், புத்தி கோணல் இல்லை. ஆவி, பேய் என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப்போய்க் கோப்பை கழுவுகிற ஆள் நான். சுவிஸில், பீல் நகரத்தில் வயதுபோனவர்கள் இருக்கிற ஒரு விடுதியில் பத்தொன்பது வருசம் துப்புரவு வேலை செய்தேன். செத்தவர்களின் கட்டிலை அன்றைக்கே துடைத்துப் புது விரிப்பு விரித்தவள். ஒருத்தராவது எழும்பி வந்து என்னை ஒன்றும் கேட்கவில்லை. இதைச் சொல்லிப்போட்டுத்தான் மற்றதைச் சொல்லுறன், நம்பினால் நம்புங்கோ.

எங்களிடம் ஒரு கரவன் இருந்தது. காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற சின்ன வீடு. என்ர மனுசன் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் கூட வேலை செய்தவரிடம் பழசாக வாங்கினவர். ஒவ்வொரு கோடைக்கும் அதில்தான் ஊர் சுற்றினோம், ஏரி ஏரியாக நின்று மீன்குழம்பு வைத்தோம், பக்கத்தில் நின்ற சுவிஸ்காரர் மணத்துக்கு எட்டிப் பார்ப்பார்கள்.

கொழுவி முடிந்ததும் பின்லைற் எரியுதோ என்று பார்க்கவேணும். நான் சாரதி ஆசனத்தில் ஏறி பிரேக்கை மிதிப்பேன், எனக்குக் காரில் தெரிந்த ஒரே வேலை அது. அவர் பின்னால் நின்று பார்த்துப்போட்டு கரவன் சுவரில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். முதலாவது பலமாக, இரண்டாவது கொஞ்சம் பிந்தி, மெதுவாக. "சரி, காலை எடு" என்று அதற்கு அர்த்தம். ஒருமுறை தட்ட முதலே எடுத்துப்போட்டேன். "நான் தட்டாமல் ஏனப்பா எடுத்தனீர்?" என்று அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். பிறகு நான் எடுத்ததே இல்லை.

அவர் போய் ஆறு வருசம். முப்பத்தோராம் நாள் மகன் ரமணன் ஐயரோடு போய் சாம்பலை ஆற்றில் கரைத்தான். அதற்கு முதல்நாள் நான் ஒரு கைபிடி எடுத்து தேயிலைத் தகரப் பேணிக்குள் போட்டு வைத்துவிட்டேன். களவுதான், இப்ப மறைத்து என்ன? அவர் பிறந்து நீந்தின கடல் யாழ்ப்பாணத்துக் கீரிமலை, அதில் ஒரு பிடியாவது என் கையால் கரைக்கவேணும் என்று நினைத்தேன். சாம்பலை வீட்டுக்குள் வைக்கக் கூடாது, அது எங்கட முறை. கரவன் வீடு இல்லைத்தானே, வெளியில்தானே நிற்கிறது என்று அதன் ஆசனப் பெட்டிக்குள், சில்லு உருளாமல் வைக்கிற மரக்கட்டைகளுக்கு அடியில் ஒளித்தேன். பிறகு எனக்கு இதயத்துக்குக் குளிசை தந்தார்கள், பிளேன் ஏறக்கூடாது என்றார்கள், பேணி அங்கேயே கிடந்தது.

போன மாரி நான் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போய்க் கிடந்த நேரம் ரமணன் கரவனைக் கொடுத்து ஒரு மோட்டர்ஹோம் எடுத்துப்போட்டான். வீடும் எஞ்சினும் ஒன்றாக, குளிக்கிற அறையும் உள்ளே. கோயிலுக்குக் கொண்டுபோய் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துக் கொண்டுவந்தான். நான் தடி ஊன்றி வாசலுக்கு வந்து, "கரவன் எங்கை தம்பி?" என்றேன்.

"அதைக் குடுத்துத்தானே இது எடுத்தது. கூரையெல்லாம் ஒழுகுது அம்மா."

"ஒரு சொல்லுக் கேட்டனியோ?"

"உங்களுக்குத்தான் சொகுசு. ஏறி இருந்தால் சரி, ஒரு வேலையும் இல்லை."

அந்த ஒரு வேலையும் இல்லை என்றதுதான் நெஞ்சில் நிற்கிறது. கரவனுக்குள் ஆசன உறையை மறந்துவிட்டேன், வாங்கின ஆளைக் கேள் என்று இரண்டு தரம் சொன்னேன். புது உறை வாங்கித் தாறன் என்றான். மகனிடம் தகப்பனைக் களவெடுத்தேன் என்று எந்த வாயால் சொல்லுறது? வாயை மூடிக்கொண்டு எரிந்தேன்.

வைகாசி விடுமுறைக்கு முதல் பயணம், துன் ஏரிக் கரை. மூன்று நாள் நின்று ஞாயிறு காலை பத்து மணிபோல வெளிக்கிட்டோம். மழை விட்டிருந்தது. ரமணன் ஓட்ட, மருமகள் சுகி பக்கத்தில் போனில் வழி பார்க்க, என்னைப் பின் மேசையடியில் பெல்ட் கட்டி சாமான் மாதிரி இருத்தியிருந்தார்கள். பக்கத்தில் பேத்தி பூரணி. பின்னால் பார்க்கக் கமரா இருக்கிறது, லைற் பார்க்க ஆள் தேவையில்லை. ஆனாலும் எஞ்சின் பிடித்ததும் என் வலது கால் தன்பாட்டில் தரையை மிதித்துக்கொண்டது, பழக்கம்.

பட். கொஞ்சம் பிந்தி, மெதுவாக, பட்.

என் கால் தானாக எழும்பிவிட்டது. சத்தியமாக நான் எடுக்கவில்லை.

ரமணன் நிறுத்தினான். "ஆரது?" திரையைப் பார்த்தான், ஒருத்தரும் இல்லை. இறங்கிச் சுற்றி வந்தான். பக்கத்து இடங்கள் வெறுமை, ஈரக் கல்லில் எங்கட சில்லுத் தடம் மட்டும்.

சுகி திரும்பி, "மாமி, நீங்களோ தட்டினது?" என்றாள்.

"ஓம் பிள்ளை, இந்த முழங்காலோடை குதிச்சு இறங்கிப் பின்னாலை தட்டிப்போட்டு, ஓடி வந்து பெல்ட்டும் கட்டிக்கொண்டு இருக்கிறன்."

அவள் சிரித்தாள். ரமணன் சிரிக்கவில்லை. கதவடியில் வெள்ளைத் தாள் மாதிரி நின்றான். சின்னனில் காரின் பின் ஆசனத்தில் இருந்து எத்தனை தரம் கேட்டவன். "அப்பாவின்ரை தட்டு," என்றான்.

அப்பதான் எனக்கு உடைந்தது. பேணி, கட்டை, கீரிமலை, எல்லாம் சொன்னேன். அவன் சத்தம் போடுவான் என்று பார்த்தேன், போடவில்லை. "எல்லாம் இதுக்குள்ளை இருக்கோ எண்டு ஐயர் கேட்டவர். ஓம் எண்டு சொன்னனான். அப்பாவின்ரை காரியத்திலை என்னைப் பொய்யன் ஆக்கிப்போட்டியள் அம்மா," என்றான். நானும் கேட்டிருக்கலாம், நீ என்னைக் கேட்டு வித்தனியோ என்று. கேட்கவில்லை.

அடுத்தநாள் விற்பனைக்காரரைப் பிடித்து, கரவன் வாங்கினவரின் நம்பரை எடுத்துப் பேசினான். அவர் ஒரு வயதான சுவிஸ்காரர், பெண்சாதியோடு அவருக்கும் அது முதல் பயணம், மூர்த்தன் ஏரிக்கரையில் நின்றிருக்கிறார். ஓம், பேணி இருந்தது, இறைச்சி சுட்ட அடுப்புச் சாம்பல் என்று நினைத்து ஏரியில் கொட்டினேன் என்றாராம். எப்ப என்று ரமணன் கேட்டான். ஞாயிறு காலை, பத்து மணிபோல. பேணி வடிவாக இருந்ததால் பெண்சாதி கழுவிச் சீனி போட்டு வைத்திருக்கிறாவாம். ரமணன் ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை, நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

ஒரு பூ இல்லை, ஒரு தேவாரம் இல்லை, முன்பின் தெரியாத மனுசன் கொட்டினான். அதற்குத்தான் அவர் வந்து, சரி, காலை எடு என்று தட்டினாரோ? அப்படி நினைத்து ஆறப் பார்க்கிறேன். ஆறவில்லை. நான் கொடுக்காமல் ஏன் போனவர்?

இன்னொன்றும் இருக்கிறது. நானும் ரமணனும் சுகியும் கேட்டது இரண்டு. பூரணி மூன்று என்கிறாள். அன்றைக்கே சொன்னாள், இன்றைக்கும் மாற்றவில்லை. "ரெண்டு வெளியிலை அப்பம்மா. மூண்டாவது உள்ளுக்கை. உங்கடை கைக்குப் பக்கத்திலை, மேசையிலை."

எங்களுக்குள் மூன்று தட்டு இருந்ததே இல்லை. அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியாது. இப்பவும் மோட்டர்ஹோமில் ஏறினால் மேசையில் கை வைக்கமாட்டேன், மடியில்தான் வைப்பேன்.

பூரணி, இஞ்சை வா. தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை வாசிக்கிற மாதிரி இதை முதலிலை இருந்து சத்தமாய் வாசி பாப்பம். தட்டுற இடம் வந்தால் மட்டும் ஆறுதலாய் வாசி, நான் எத்தினை எண்டு எழுதியிருக்கிறன் எண்டு எனக்குக் கேக்கவேணும்.